பெருவெட்டு, பொடி, ஒரு விண்கப்பல்

படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கறுப்பு. அதன் கீழே இன்னும் கொஞ்சம் கறுப்பு. நசீம் பானுவின் பிரவுசிங் சென்டரில் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் அறிவுச்செல்வி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் கடைசி வகுப்பை எடுத்து முடித்துவிட்டு நேரே இங்கு வந்திருந்தாள். சேலைத் தலைப்பில் சாக்பீஸ் தூள் இன்னும் இருந்தது.

"என்னடி, கால் மணி நேரமா இருட்டையே பாத்துக்கிட்டு இருக்க?" நசீம் பானு பின்னால் வந்து நின்றாள். பள்ளியில் பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்பதால் அவளுக்கு எதையும் கேட்கும் உரிமை இருந்தது.

"அது வானம். கப்பல் அதுக்குக் கீழ இருக்கு. செத்த நேரம் இரு."

ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ஆன்டெனா. அறிவுச்செல்வி நாற்காலி நுனிக்கு வந்தாள். அடுத்து ஆன்டெனாவைத் தாங்கும் கோபுரம், அதற்குக் கீழே நீலக் கண்ணாடிக் கூண்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் சாம்பல் நிற முதுகு. யாரோ ஒரு கடைக்காரர் வியாபாரிகளுக்கான கேட்டலாக்கைக் கைபேசியில் திருட்டுத்தனமாக எடுத்த படம். கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருடமாக உலகம் முழுவதும் சில ஆயிரம் பேர் பேசிப் பேசிக் கற்பனை செய்துகொண்டிருந்த 'டெனெப்' விண்கப்பல் அதுதான். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டும் விளையாட்டுப் பெட்டிகளில், பெரியவர்களுக்காகவே வரப்போகும் மிகப் பெரிய பெட்டி. நாலாயிரத்து எண்ணூறு துண்டுகள்.

அறிவுச்செல்வி பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தாள்.

"ஏய், கண்ணாடி கீறிரும்."

"கீறாது. ஒரு கட்டையோட தலையில இருக்குற குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் எட்டு மில்லிமீட்டர். மூக்குலேர்ந்து இது வரைக்கும் எண்ணுனா…" அவள் உதடு அசைய எண்ணினாள். "பானு, மூணடி வரும்டி. மூணடி நீளம்."

"என் மகன் தொட்டில் மூணடிதான்," என்றாள் நசீம் பானு. ஆனால் அவளும் குனிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்னாடி எஞ்சின் எங்க?"

"அதுதான் பெரிய சண்டை. ஆறா எட்டான்னு ஆறு மாசமா அடிச்சுக்கிறாங்க. இப்பத் தெரிஞ்சுரும்."

கடைசிக் கால்பங்கு இறங்க வேண்டிய நேரத்தில் கரண்ட் போனது.

நசீம் பானு இருட்டில் மெழுகுவர்த்தியைத் தேடினாள். பிறகு, "அரை மணி நேரத்துக்குத்தான் காசு எடுத்துக்கிறேன்," என்றாள்.

*

அறிவுச்செல்விக்கு இருபத்தேழு வயது. அண்ணன் ஜெரோம் சிங்கப்பூரில் வேலைக்குப் போன முதல் வருடம், விடுமுறைக்கு வரும்போது சாக்லேட்டோடு ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தான். எண்பது துண்டுகளில் ஒரு விண்வெளி ஜீப். யாராவது குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று வாங்கியது. அன்று மாலையே அவள் அதைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். காகிதத்தில் கோடு கோடாக வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் விரல் நுனியில் 'டிக்' என்று உட்காரும் சந்தோஷத்தை அவள் யாரிடமும் விளக்க முயன்றதில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பெட்டி வந்தது. எல்லாம் பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்குப் பின்னால்.

இந்த ஆகஸ்டில்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆனந்த்ராஜ். வெங்காயப் பேட்டையில் அவர்களுக்குச் சின்ன வெங்காயக் கமிஷன் மண்டி. அவன் அப்பா காலமான பிறகு அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள்தான் மண்டியை நடத்துகிறாள். குஜிலியம்பாறையிலிருந்தும் ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெங்காயத்தை, கையை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தே விலை சொல்லிவிடுவாள் என்று பெயர்.

"அந்தம்மா முன்னாடி போயி பொம்மை வெச்சு விளையாடுறேன்னு சொல்லிராத," என்று அறிவுச்செல்வியிடம் அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பொண்ணுக்கு வெவரம் பத்தாதுன்னு நெனைப்பாங்க. எல்லாம் இங்கயே இருக்கட்டும். வரும்போது பாத்துக்க."

வரும்போது என்றால் எப்போது? தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்குமா? மூன்றடிக் கப்பலை வருடத்துக்கு நான்கு நாள், கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவதா? அறிவுச்செல்விக்கு அதை நினைத்தால்தான் பயம். வேறு எதற்கும் அவள் அந்த வீட்டைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆனந்த்ராஜை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரை அவனே எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தவன்.

அவன் தினமும் மாலையில் போன் செய்வான். ஒரு நாள் கேட்டேவிட்டான்.

"தெனமும் பிரவுசிங் சென்டர்ல இருக்கியே, அங்க என்ன வேலை? தப்பா நெனைக்காத. சும்மாதான் கேக்குறேன்."

சும்மா இல்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. அறிவுச்செல்வி மொட்டை மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப், பீரோவின் அடித்தட்டு, டெனெப், எஞ்சின் ஆறா எட்டா, கரண்ட் போனது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். எத்தன கிலோ வரும்?"

"என்னது?"

"மொத்த எடை. நாலாயிரத்து எண்ணூறு உருப்படின்னா சாதாரணமா இருக்காதே."

அவளை யாரும் இதுவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. "பெட்டியோட பத்து, பதினோரு கிலோ," என்றாள்.

"அம்புட்டு எடைக்கு ஒரு பொருளு, அதுக்கு இன்னும் முழுப் படமே வரலை. எங்க மண்டில சரக்கு காட்டாம யாரும் வாங்க மாட்டான் அறிவு. உங்காளுங்க தைரியசாலிங்கதான்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அம்மாகிட்ட மட்டும் இப்ப வேணாம். கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்றேன்," என்றான்.

சரி என்றாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் தோசை ஒன்று போதும் என்று எழுந்துவிட்டாள்.

*

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சாமியார் ஊரறியக் கேட்கும் வழக்கம். முதல் ஓலை அக்டோபர் இருபத்தொன்று. கப்பல் கடைகளுக்கு வரும் நாள் அக்டோபர் இருபத்தேழு. இரண்டாவது ஓலை அதற்கு மறுநாள். சமையலறைக் காலண்டரில் அம்மா போட்டிருந்த சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் அறிவுச்செல்வி பென்சிலால் ஒரு சின்ன முக்கோணம் போட்டாள்.

இப்போது ஆனந்த்ராஜ் போனில் வைக்கும் முதல் கேள்வியே அதுதான். "என்ன, புதுத் தகவல் உண்டா?"

"கண்ணாடிக் கூண்டு தெறக்குமாம். உள்ள ரெண்டு பேரு உக்காரலாமாம்."

"ரெண்டு பேரா? பரவால்ல, நம்ம ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

அவள் காதுக்கம்மலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இருபத்தேழாம் தேதி காலையில் ஜெரோம் சிங்கப்பூரில் கடை வாசலில் நின்றபடியே அழைத்தான். "பாப்பா, எனக்கு முன்னாடி முப்பது பேரு நிக்கிறான். எல்லாம் என் வயசு ஆளுங்க. ஒருத்தன் நாற்காலி கொண்டாந்து உக்காந்திருக்கான்."

"பெட்டி எத்தன வந்திருக்காம்?"

"நாப்பதுங்குறான். பதட்டப்படாத."

அடுத்த ஒரு மணி நேரம் அறிவுச்செல்வி அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாள். மூன்று காய் போதும் என்று அம்மா சொன்னதையும் மீறி ஐந்து துருவினாள். போன் அடித்தது.

"கையில இருக்கு. கையிலன்னா, ரெண்டு கையிலயும். என்னா கனம். ஆமா, எஞ்சினு ஆறு. நீலக் கலரு, வளையம் வளையமா. பெட்டி மேலயே போட்டிருக்கான்."

"ஆறுதான். நான் சொன்னேன்ல," என்றாள் அறிவுச்செல்வி, தேங்காய்த் துருவலைப் பார்த்து.

தீபாவளிக்கு மறுநாள் ஜெரோம் திருச்சியில் இறங்கிக் காரில் வந்தான். அம்மா கேட்டிருந்த பால் பவுடர் இல்லை, கோடாலித் தைலம் பாதிதான், அத்தைகளுக்கான பூப்போட்ட துணிகள் இல்லவே இல்லை. "எடை ஏறிப்போச்சும்மா," என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. அம்மா பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு கல்யாணச் சீர்ச் சாமான்களுக்குச் சுற்றியதில் மிச்சமிருந்த தங்க நிறத் தாளை எடுத்துவந்து பெட்டியை மூடிச் சுற்றினாள். வருகிற சொந்தக்காரர் கண்ணில் படக் கூடாதாம்.

அறிவுச்செல்வி அதைத் திறக்கவில்லை. தாளுக்கு மேல் காதை வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் ஒரே நேரத்தில் புரளும் சத்தம், மழை ஓட்டில் விழுவதுபோல. திறந்தால் கட்ட வேண்டும். கட்டினால் நிறுத்த மனம் வராது. ஐந்து நாளில் கல்யாணம். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அன்றைக்கு மட்டும் ஆறு தடவை குனிந்து பார்த்தாள்.

*

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சீர் போயிற்று. கட்டில், புது பீரோ, கிரைண்டர், டீவி மேசை, பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் தாய்மாமன் கஸ்பார் ஒரு மினி லாரியில் ஏற்றி, பாண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார். பெண் போகக் கூடாது என்பதால் அறிவுச்செல்வி இரண்டு கையிலும் மருதாணியோடு வீட்டில் இருந்தாள்.

லாரி போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில் பார்க்க அறைக்குள் போனாள். கட்டிலே இல்லை. சீர்க் கட்டில் அதுதான். அதன் கீழே இருந்த தங்கத் தாள் பெட்டியும் இல்லை.

"தங்கத் தாளு சுத்தி இருந்துச்சு, அதுவும் சீருன்னு மாமா தூக்கி வெச்சுட்டாரு போல," என்றான் ஜெரோம்.

அம்மா தலையில் கை வைத்தாள். சீரை இறக்கியதும் மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்து, வந்தவர்கள் எல்லாம் பார்க்கும்படி பரப்பி வைப்பார்கள். அதற்காகவே மண்டிக் கொட்டகையைக் கழுவிவிட்டிருப்பதாக ஆனந்த்ராஜ் காலையில்தான் சொன்னான்.

ஜெரோமின் கைபேசி அடித்தது. ஆனந்த்ராஜ். தங்கையின் கை மருதாணியாக இருந்ததால் ஜெரோம் ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"அறிவு, கோவப்படாத. உன் பெட்டி இங்க வந்திருச்சு. நான் சட்டை மாத்திட்டு வாரதுக்குள்ள பிரிச்சுட்டாங்க."

"பெட்டியவா? உள்ள இருக்குற கவரையுமா?"

"எல்லாக் கவரையும். முப்பது கவரு இருக்கும். எங்க கொட்டகையில வெங்காயம் தரம் பிரிக்கிற முத்துப்பேச்சி அக்கா சல்லடை மூணையும் எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. கூட எட்டுப் பேரு. சலிச்சுக்கிட்டு இருக்காங்க."

"சலிச்சா?"

"நான் தடுத்தேன். யாரும் கேக்கல. இரு, அம்மா போனக் கேக்குறாங்க."

அறிவுச்செல்வியின் அம்மா அவசரமாகக் கிசுகிசுத்தாள். "ஜெரோமு வேற யாரோ புள்ளைக்கு வாங்கினது, தவறி வந்திருச்சுன்னு சொல்லு. நாளைக்குத் திருப்பி எடுத்துக்கலாம்."

அப்படிச் சொன்னால் பெட்டி திரும்பி வந்துவிடும். கட்டிலில்லாத இந்த அறைக்கு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும்.

"ஏத்தா," இஞ்ஞாசியம்மாளின் குரல் மண்டியில் ஏலம் கேட்கும் அதே உரத்தில் வந்தது. "இந்தக் கம்பெனிக்காரன் யாருத்தா? ஒரே கவருல பெருசு, சிறுசு, பொடி எல்லாத்தையும் கலந்து கட்டி அனுப்பிருக்கான். எங்க பேட்டையில இப்படி மூட்டை வந்தா எறக்கவே விட மாட்டோம். சீருன்னு வந்த சரக்கு, நாலு பேரு பாக்கையில கலப்படமாக் கெடந்தா உனக்குத்தான கொறை. அதான் தரம் பிரிக்கச் சொல்லிட்டேன். அது இருக்கட்டும், என்ன சாமான் இது?"

அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினாள். அறிவுச்செல்வி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"அது என்னோடது அத்தை," என்றாள். "வேற யாருக்கும் வாங்கினது இல்ல. நான் கட்டுறதுக்கு. விண்வெளிக் கப்பலு. ரெண்டு வருசமா இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். இதுக்கு முன்னாடி சின்னது பதினொண்ணு கட்டி வெச்சிருக்கேன். அதையும் அங்க கொண்டுவரணும்னு ஆசை."

கொட்டகைச் சத்தம் கேட்டது. சல்லடை ஆடுவதும், யாரோ "இது எதுலக்கா சேரும், நடுத்தரமா?" என்பதும்.

"கட்டி முடிச்சா எம்புட்டு நீளம் வரும்?" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"மூணடி அத்தை."

"அப்ப நீங்க அனுப்புன டீவி மேசை பத்தாது. மண்டியில பழைய தராசு மேசை ஒண்ணு கெடக்கு, அதக் கழுவச் சொல்றேன். ஆமா, கவரைப் பிரிச்சது தப்பா? இவன் என்னமோ தலையில அடிச்சுக்கிறான்."

அறிவுச்செல்விக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பெரிய பெட்டி வாங்கியவர்கள் முதலில் செய்வது எல்லாக் கவரையும் பிரித்து, துண்டுகளை இனம் பிரிப்பதுதான். அதற்கே மூன்று நாள் ஆகும் என்று எழுதிப் புலம்புவார்கள்.

"தப்பில்ல அத்தை," என்றாள். "கட்டுறவங்களே அதத்தான் முதல்ல செய்வாங்க."

"பின்ன? ஏலே ஆனந்து, கேட்டியா," என்று அந்தப் பக்கம் குரல் நகர்ந்தது. போன் வைக்கப்பட்டது. ஜெரோம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "தராசு மேசையா," என்று மட்டும் சொன்னாள்.

*

கல்யாணம் முடிந்து விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு, மண்டிக்குப் பின்னால் இருந்த வீட்டின் முன்னறையில், தராசு மேசை மேல், டெனெப் வளர ஆரம்பித்தது. அறிவுச்செல்வி பாலிடெக்னிக்கிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்காருவாள். ஆனந்த்ராஜ் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டி, என்ன துண்டு, எத்தனை என்று வாசிப்பான். பெருவெட்டு, நடுத்தரம், பொடி என்று மூன்று சாக்கில் கிடந்தவற்றிலிருந்து முத்துப்பேச்சி எடுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் "ஒரு பத்து உருப்படி மட்டும்" என்று வந்து உட்காரும் அவள், அரை மணி நேரம் கழித்துத்தான் எழுவாள். ஒரு தடவை கூடத் தப்பான துண்டை அவள் நீட்டியதில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் முதுகு மூடியது. ஆன்டெனா நின்றது. மிச்சம் இருந்தது நீலக் கண்ணாடிக் கூண்டும் ஆறு எஞ்சின் வளையமும். அவற்றை அறிவுச்செல்வி வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். ஆனால் பெருவெட்டுச் சாக்கில் அவை இல்லை. மற்ற இரண்டையும் தரையில் கொட்டி, விரலால் துழாவிப் பார்த்தாள். சல்லடைகளைத் தட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. அன்று கரண்ட் போய்ப் பார்க்க முடியாமல் போன அதே எஞ்சின்.

"கம்பெனிக்கு எழுதலாம்," என்றான் ஆனந்த்ராஜ். "கொறைஞ்சதுன்னா அனுப்புவான்ல?"

"கொறையல. நான் அன்னைக்கே வந்து எண்ணிருக்கணும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. மண்டியின் முன்பக்கம் மண்பானை இருக்கும். அங்கே போனாள்.

மண்டி வாசலில், வியாபாரிகள் பார்ப்பதற்காக, வந்த சரக்கில் ஒவ்வொரு பிடி எடுத்துத் தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். முதல் தரம் எதுவோ அதில்தான் மாதிரி எடுப்பது வழக்கம். மூன்று தட்டில் சின்ன வெங்காயம் மினுமினுத்தது. நான்காவது தட்டில் ஆறு நீல வளையமும் ஒரு கண்ணாடிக் கூண்டும் இருந்தன. நடுவில் வழக்கமான அட்டைச் சீட்டு. 'முதல் ரகம்' என்று இஞ்ஞாசியம்மாளின் கோணல் எழுத்தில்.

அறிவுச்செல்வி பானையையும் மறந்து அப்படியே நின்றாள். ஒரு மாதமாகத் தினமும் பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனவள், முன்பக்கம் திரும்பியே பார்த்ததில்லை.

"அத்தை, இது…"

"மாதிரி," என்றாள் இஞ்ஞாசியம்மாள், மூட்டைகளுக்கு நடுவிலிருந்து. "வீட்டுக்குச் சரக்கு வந்திருக்குன்னா ஒரு பிடி முன்னாடி வெக்காம எப்படி? இருந்ததுலயே நல்லதாப் பொறுக்கி வெச்சேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருத்தரு, என்னங்க இது, வெல என்னங்கன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு. மருமக சரக்கு, விக்கிறதுக்கு இல்லைன்னுட்டேன்."

பகலெல்லாம் லோடு பிடிக்க வெளியூர் போய்விடும் ஆனந்த்ராஜ் பின்னாலேயே வந்து, தட்டை அப்போதுதான் பார்த்து, சுவரில் சாய்ந்து சிரித்தான். அறிவுச்செல்வி சிரிக்கவில்லை. பீரோவின் அடித்தட்டும் தங்கத் தாளும் அவள் நினைவுக்கு வந்தன. இந்தத் தட்டு பேட்டைக்கே தெரியும்படி ஒரு மாதமாக இங்கே இருந்திருக்கிறது. முந்தானையில் ஏழு துண்டுகளையும் எடுத்துக்கொண்டாள்.

"இது இல்லாட்டி கப்பல் முடியாது அத்தை. எடுத்துக்கவா?"

"எடுத்துக்க. ஆனா தட்டுக் காலியாக் கெடக்கக் கூடாது."

அறிவுச்செல்வி உள்ளே ஓடினாள். சின்னத் துண்டுகள் தொலைந்துபோகும் என்று கம்பெனிக்காரன் கூடுதலாகச் சிலவற்றைப் போட்டிருப்பான். பொடிச் சாக்கின் அடியில் மிஞ்சிக் கிடந்த பதினான்கையும் அள்ளிவந்து தட்டில் பரப்பினாள். இஞ்ஞாசியம்மாள் குனிந்து பார்த்து, 'முதல் ரகம்' சீட்டை எடுத்துவிட்டு, 'பொடி' என்ற சீட்டை வைத்தாள். சரக்கு விஷயத்தில் அவள் பொய் சொல்வதில்லை.

"அடுத்த லோடு எப்ப வருது?" என்று கேட்டாள், வியாபாரிகளிடம் கேட்கும் அதே குரலில்.

"நசீம் பானு நேத்துத்தான் போன் பண்ணா. புதுசா ஒரு படம் வந்திருக்காம். இதவிடப் பெருசுங்குறாங்க. நாளைக்குப் போயிப் பாக்கணும்."

"என்னையும் கூட்டிட்டுப் போ. சரக்கைக் கண்ணால பாக்காம மேசை செய்யச் சொல்ல முடியாது."

முன்னறையில் ஆறாவது வளையம் 'டிக்' என்று உட்கார்ந்தபோது, முத்துப்பேச்சி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று.